பரணில் கிடக்கும் ராஜா ராணிகள்

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். இல்லையென்று சொல்லாதீர்கள். நாலு தலைமுறையாக ஓர் ஊரில் இருந்துவரும் குடும்பம் எதிலும் அப்படி ஒரு பெட்டி இல்லாமற் போகாது. பூட்டு உண்டு, சாவி இல்லை. உள்ளே செல்லரித்த பத்திரங்கள், யாருடைய கல்யாணத்துக்கோ அடித்த மஞ்சள் பத்திரிகை, நூலால் கட்டிய ஒரு கடிதக் கட்டு. அந்தக் கட்டின் மேலே முக்காடு போட்ட ஒரு ராணியோ, தாடி வைத்த ஒரு ராஜாவோ ஸ்டாம்பிலிருந்து உங்களை எட்டிப் பார்ப்பார்.

அவ்வளவுதான், வீட்டில் பரபரப்பு உண்டாகிவிடும். “பழைய ஸ்டாம்பு லட்சக்கணக்கில் போகுமாம்!” என்று எதிர்வீட்டுக்காரர் காபி சாப்பிட்டுக்கொண்டே சொல்வார்.

லட்சக் கதை முழுப் பொய்யல்ல. 1854-ஆம் வருஷம் கல்கத்தாவில் நாலணா ஸ்டாம்பு அச்சிட்டார்கள். சுற்றிலும் சட்டம் சிவப்பு, நடுவே விக்டோரியா மகாராணியின் தலை நீலம். இரண்டு நிறத்துக்குக் காகிதம் இரண்டு தடவை அச்சுக்குள் போய்வர வேண்டும் அல்லவா? ஏதோ ஒரு சமயம் காகிதம் தலைமாறிப் போயிற்று. மகாராணி சிரசாசனம் செய்கிற அந்தத் தலைகளில் மிகச் சிலவே உலகத்தில் மிஞ்சியிருக்கின்றன. இன்னொரு கதை 1948-ஆம் வருஷத்தியது. ஆகஸ்டு 15-ஆம் தேதி காந்தி மகானின் படத்தோடு நாலு ஸ்டாம்புகள் வெளியாயின. ஸ்விட்ஸர்லாந்தில் அச்சானவை. அவற்றில் பத்து ரூபாய்த் தலையில் நூறே நூறு பிரதிகளை எடுத்து, கவர்னர் ஜெனரல் காரியாலய உபயோகத்துக்காக ‘சர்வீஸ்’ என்று மேலச்சுப் போட்டார்கள். அப்போது கவர்னர் ஜெனரல் நம் ராஜாஜி. 2017-இல் லண்டன் வியாபாரி ஒருவர் அந்த ஸ்டாம்பு நான்கு சேர்ந்தாற்போல் இருந்த ஒரு துண்டை ஐந்து லட்சம் பவுனுக்கு விற்றார்.

சரி, உங்கள் பெட்டியில் இந்த இரண்டில் ஒன்று இருக்குமா? இராது. நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு மேலே படியுங்கள். ராணி தலையும் ராஜா தலையும் கோடிக்கணக்கில் அச்சானவை. நூறு வயசான ஓரணா ஸ்டாம்பை இன்றைக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் வாங்கிவிடலாம். ஆனால் அந்தக் கட்டில் விலையைத் தவிர வேறொன்று இருக்கிறது. அதைத்தான் பெரும்பாலோர் கத்திரிக்கோலால் வெட்டி அடுப்பில் போட்டுவிடுகிறார்கள்.

இதை நான் சங்கரன்கோவிலில் கண்கூடாகப் பார்த்தேன்.

கோமதியம்மன் சந்நிதி, புற்று மண், ஆடித் தபசு என்று உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். மிளகாய் வற்றல் வியாபாரி ஒருவர் வீடு. ஊருக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. தகப்பனார் தொண்ணூறு வயசில் காலமாகி, மூன்று சகோதரர்களுக்குள் பாகம் பிரித்தாயிற்று. வீடு, நிலம், பித்தளை அண்டா எல்லாம் பங்காகி, இந்த ஸ்டாம்புகள் மாத்திரம் பாக்கி.

“நூத்திச் சொச்சம் இருக்கு, தம்பி. வெட்டி எடுத்து ஆளுக்கு மூணுல ஒரு பங்கா வச்சிக்கிடலாம்னு தம்பிமார் சொல்லுதாக. நீங்க படிச்சவுக. எது ஒசத்தி, எது மட்டம்னு பார்த்துச் சொல்லிட்டியன்னா சண்டை வராது பாருங்க” என்றார்.

பாயின் மேல் கடிதக் கட்டு. பக்கத்தில் கத்திரிக்கோல். “அண்ணாச்சி, அந்தக் கத்திரிக்கோலை முதலில் உள்ளே வையுங்கள்” என்றேன். பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தோம். நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள்.

தலையைப் பார், வயசைச் சொல்

ராணி என்றால் விக்டோரியா; சந்தேகமே வேண்டாம். ஓரத்தில் பல் இல்லாமல், கத்திரித்து எடுத்ததுபோல் இருந்து ‘இந்தியா’ என்று மாத்திரம் அச்சிட்டிருந்தால் 1854-இல் ஆரம்பித்த கல்கத்தா அச்சு. அடுத்த வருஷம் முதல் லண்டனில் டி லா ரூ கம்பெனி அச்சிட்டுக் கப்பலில் அனுப்பியது. அவற்றில் ‘ஈஸ்ட் இந்தியா’ என்றிருக்கும். கம்பெனி ராஜ்யம் 1858-இல் முடிந்தும் அந்தப் பழைய பெயர் ஸ்டாம்பை விட்டுப் போக 1882 ஆயிற்று. அதற்குப் பிறகு மறுபடி ‘இந்தியா’.

தலையைக் குப்புறப் போட்டு வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்துக்குள் ஒரு நிழல் தெரியும். இதை நீர்க்குறி என்பார்கள். 1865-லிருந்து யானைத் தலை, 1882-க்குப் பின் நட்சத்திரம். யானையைக் கண்டுபிடித்ததும் அண்ணாச்சியின் பேத்தி கை கொட்டினாள். அந்தக் குழந்தைக்குப் பிறகு எங்கள் கூடவே உட்கார்ந்திருப்பதே வேலையாகப் போயிற்று.

விக்டோரியாவுக்குப் பின் தாடியோடு வருகிறவர்கள் இருவர். வழுக்கைத் தலையாக இருந்தால் ஏழாம் எட்வர்டு, 1902 முதல். கிரீடம் வைத்திருந்தால் ஐந்தாம் ஜார்ஜ், 1911 முதல். தாடியில்லாத ஆறாம் ஜார்ஜ் 1937-இல் வருகிறார். நடுவே எட்டாம் எட்வர்டு எங்கே என்கிறீர்களா? ஒரு வருஷத்துக்குள் காதலுக்காக முடியைத் துறந்தாரே, அவருக்கு இந்தியாவில் ஸ்டாம்பே போடவில்லை. யாராவது காட்டினால் நம்பாதீர்கள்.

ஆறாம் ஜார்ஜ் தலைகளில் 1937-இல் வந்த ஒரு வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. தபால் சுமந்து ஓடுகிறவன், மாட்டு வண்டி, குதிரை வண்டி, ஒட்டகம், ரயில், கப்பல், லாரி, ஆகாய விமானம் என்று கடிதம் ஊர் வந்து சேருகிற வழிகளையெல்லாம் படமாகப் போட்டிருந்தார்கள். ராஜா ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பார். 1947 நவம்பர் 21-ஆம் தேதி அந்த மூலையும் காலியாயிற்று. மூவர்ணக் கொடியும் ‘ஜெய் ஹிந்த்’ என்ற எழுத்துமாக மூன்றரையணா ஸ்டாம்பு வந்தது.

தலைக்குள் பொடித் துளைகளால் எழுத்துப் போட்டிருந்தால் கிழிந்த ஸ்டாம்பு என்று எறிந்துவிடாதீர்கள். சிப்பந்திகள் ஆபீஸ் ஸ்டாம்பைச் சொந்தக் கடிதத்துக்கு ஒட்டிவிடாதபடி கம்பெனிகள் தங்கள் பெயரின் முதலெழுத்துக்களைத் துளையிட்டு வைத்தன. குமாஸ்தாக்கள் அந்தக் காலத்திலும் குமாஸ்தாக்கள்தானே!

கட்டில் ஓரணாத் தலை ஒன்றின் மேல் தபால் முத்திரைக்குப் பதிலாக மையில் கையெழுத்து இருந்தது. 1906 முதல் சிறு தொகை ஸ்டாம்புகளில் ‘தபாலும் ரெவின்யூவும்’ என்று அச்சிட்டார்கள். கடிதத்துக்கும் ஒட்டலாம், புரோநோட்டுக்கும் ஒட்டலாம். இது புரோநோட்டு. அண்ணாச்சியின் தாத்தா தம் மைத்துனரிடம் நூறு ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார். திருப்பிக் கொடுத்ததாகக் குறிப்பு எதுவும் இல்லை. “இதை அப்படியே உள்ள வைங்க. மதினி வீட்டுக்காரங்க பார்த்தா வட்டி கேப்பாக” என்றார் இரண்டாவது தம்பி.

சங்கு

இதற்கப்புறம்தான் விஷயம். கட்டின் நடுவே ஏழெட்டு உறைகளில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. நடுவே ஒரு வலம்புரிச் சங்கு; சுற்றிலும் ஆங்கிலமும் மலையாளமுமாக எழுத்து. விலை அணாவில் இல்லை, சக்கரத்தில்! “இது ஏதோ கோயில் சீட்டு” என்று அந்த வீட்டில் பல வருஷங்களாக நினைத்திருந்தார்கள். வெட்டுகிற பங்கில் அதைச் சேர்க்கவே இல்லை.

சங்கரன்கோவிலில் ரயிலேறிக் கடையநல்லூர், தென்காசி தாண்டினால் செங்கோட்டை. இன்றைக்கு இரண்டு ஊரும் 2019-இல் உண்டான தென்காசி மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரையில் சங்கரன்கோவில் சென்னை ராஜ்யம். செங்கோட்டை மலைக்கு மேற்கேயுள்ள திருவனந்தபுரத்துக்குக் கட்டுப்பட்டது. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குப் படை, நாணயம், சுங்கம் எல்லாம் தனி. தபாலும் தனி. அதற்கு ‘அஞ்சல்’ என்று பெயர். இன்று தமிழ்நாட்டில் தபாலாபீஸ் பலகையிலெல்லாம் காண்கிறோமே, அதே வார்த்தை.

சலங்கை கட்டிய கோலைக் கையில் பிடித்து அஞ்சல்காரன் ஓடிவருவான். சலங்கைச் சத்தம் கேட்டால் வழியில் போகிறவர்கள் ஒதுங்க வேண்டும். அரண்மனைக் காகிதங்களைக் கொண்டு போவதற்காக ஏற்பட்ட இந்த அஞ்சல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. 1888-இல் முதல் ஸ்டாம்பு வந்தது. ஒரு சக்கரம், இரண்டு சக்கரம், நாலு சக்கரம். பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டு சக்கரம் ஒரு ரூபாய். பத்மநாப சுவாமியின் சங்கே ராஜ்ய முத்திரையானதால் ஸ்டாம்பிலும் சங்கு. சில மாதங்களில் காகிதத்துக்குள் நீர்க்குறியாகவும் சங்கு வந்துவிட்டது.

பிற்காலத்துத் தலைகளில் படங்கள் உண்டு. 1931-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா பட்டம் ஏற்றதற்கு மூன்று ஸ்டாம்புகள். 1936-இல் அவர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். எல்லா ஜாதி இந்துக்களுக்கும் சமஸ்தானக் கோயில்கள் திறந்தன. அடுத்த வருஷம் அந்தச் சம்பவத்துக்கே ஸ்டாம்பு போட்டார்கள். 1939-இல் வந்த வரிசையில் கன்னியாகுமரியும் பேச்சிப்பாறை அணையும் இருக்கின்றன. நம்முடைய கன்னியாகுமரியைச் சக்கரக் கணக்கில் விற்றிருக்கிறார்கள், பாருங்கள்! 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானபோது, கையிருப்பிலிருந்த சக்கரத் தலைகளின் மேல் அணா பைசாவை அச்சடித்துத் தள்ளினார்கள். அவசர வேலை, சில தலைகளில் எழுத்துத் தலைகீழாக விழுந்திருக்கிறது. 1951 ஏப்ரல் 1-ஆம் தேதி அஞ்சல் இந்தியத் தபால் இலாகாவோடு கலந்து மறைந்தது.

இதில் துப்பறிகிறவர்களுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. சங்கு ஸ்டாம்பு சமஸ்தானத்துக்குள் போகும் கடிதங்களுக்காக ஏற்பட்டது. எல்லை தாண்டிச் சங்கரன்கோவிலுக்கு வருகிற கடிதத்துக்கு இந்திய ஸ்டாம்பு வேண்டும். அப்படியானால் அஞ்சல் உறை ஏழெட்டு இந்த வீட்டுக்கு எப்படி வந்தது? தபாலில் வரவில்லை. யாரோ கையோடு கொண்டு வந்திருக்கிறார்கள்!

உறையைத் திருப்பி விலாசத்தைப் படித்தேன். செங்கோட்டை விலாசம், ஒரு பெண்ணின் பெயர்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. “எங்க ஆச்சி பேரு” என்றார் பிறகு. ஆச்சிக்குச் செங்கோட்டைதான் பிறந்த வீடு. நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய அக்காள் எழுதிய கடிதங்கள் அவை. இரண்டு ஊரும் அப்போது திருவிதாங்கூர். கல்யாணமாகி இங்கே வந்தபோது அந்தக் கட்டைச் சேலைக்குள் வைத்து எடுத்து வந்திருக்கிறாள். ஸ்டாம்பை மாத்திரம் வெட்டியிருந்தால் சங்கு மிஞ்சியிருக்கும்; ஆச்சி போயிருப்பாள்.

கடல் தாண்டியவர்கள்

சங்கரன்கோவில் சீமையில் கடல் தாண்டிப் போகாத குடும்பம் அபூர்வம். கொழும்பு, பினாங்கு, ரங்கூன் மூன்றும் அந்தக் காலத்தில் பக்கத்து ஊர் மாதிரி.

இலங்கை ஸ்டாம்பில் ஐயத்துக்கு இடமில்லை. ‘சிலோன்’ என்று எழுதியிருக்கும், விலை சதத்தில் இருக்கும். 1935-இல் வந்த வரிசையில் ரப்பர் பால் எடுப்பதும், கண்டி தலதா மாளிகையும், தேயிலைக் கொழுந்து கிள்ளுவதும் படமாக வந்தன. கொழுந்து கிள்ளப் போனவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூலிக்குப் போன நம் ஜனங்களின் வேலை ஐந்தாம் ஜார்ஜ் மன்னருடைய தலையோடு ஒரே சட்டத்தில் ஏறிவிட்டது.

மலாய் ஸ்டாம்பு ஒன்றைப் பார்த்து அண்ணாச்சியின் கடைசித் தம்பி அதிர்ந்து போனார். மேலே ‘2602’ என்று பெரிதாக அச்சாகியிருந்தது. “இன்னும் அறுநூறு வருஷம் கழிச்சு வரப்போற ஸ்டாம்பா இது?” என்று கேட்டார். ஜப்பானியர் 1942-இல் மலாயாவைப் பிடித்ததும் பழைய ஸ்டாம்புகளின் மேல் ‘தாய் நிப்பன் 2602’ என்று அச்சடித்து விற்றார்கள். அவர்களுடைய முதல் சக்கரவர்த்தி பட்டமேறியதாகச் சொல்லும் ஆண்டிலிருந்து எண்ணினால் 1942 என்பது 2602. வருஷத்தைக்கூட விட்டுவைக்கவில்லை அந்த யுத்தம்.

பர்மாவில்தான் ஏமாந்து போவோம். 1937 மார்ச்சுக் கடைசி வரையில் பர்மா இந்தியாவைச் சேர்ந்த மாகாணம். அங்கே ஒட்டியதும் இந்திய ஸ்டாம்பே. ஆகவே ஐந்தாம் ஜார்ஜ் இந்தியத் தலையைப் பார்த்து ‘இது உள்ளூர்க் கடிதம்’ என்று ஒதுக்கிவிடக் கூடாது. முத்திரையைப் படித்தால் ரங்கூன் என்றோ மாந்தளை என்றோ இருக்கும். ஏப்ரல் முதல் இந்தியத் தலைகளின் மேல் ‘பர்மா’ என்று மேலச்சு. 1938-இல் பர்மாவுக்கே தனி ஸ்டாம்பு.

அப்படி ஒரு பர்மா ஸ்டாம்பு அந்த வீட்டில் இருந்தது. கட்டில் அல்ல, ஒரு பழைய கணக்கு நோட்டில். அண்ணாச்சியின் தகப்பனார் சிறு பையனாக இருந்தபோது கடிதங்களிலிருந்து வெட்டி, சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்த நோட்டு. அவருடைய சிற்றப்பா ரங்கூனில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். யுத்தத்தோடு அவரைப் பற்றிய தகவல் நின்றுபோயிற்று. 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் முதல் குண்டு விழுந்ததையும், அடுத்த மார்ச்சில் நகரம் விழுந்ததையும், லட்சக்கணக்கான நம் ஜனங்கள் காடும் மலையுமாக நடந்தே வந்ததையும் படித்திருப்பீர்கள். குண்டில் போனாரா, வழியில் போனாரா, அதற்கு முன்பே வேறு எங்காவது போய்விட்டாரா? குடும்பத்தில் ஆளுக்கொரு கதை. நாள் தெரியாதவர்களுக்குச் செய்கிறபடி மகாளய அமாவாசையில்தான் அவருக்கு எள்ளும் தண்ணீரும். அவர் மனைவி கடைசிவரை கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “கடைசிக் காயிதம் என்னைக்கு வந்துச்சு?”

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆறாம் ஜார்ஜ் தலை, ‘பர்மா’ என்ற எழுத்து. முத்திரையில் பாதி ஸ்டாம்பின் மேல் விழுந்திருந்தது. தேதி 18. மாதம் டிசம்பர். வருஷமும் ஊர்ப்பெயரும் விழுந்த மற்றப் பாதி உறையில். உறை எழுபது, எண்பது வருஷத்துக்கு முன்பே அடுப்பெரிக்கப் போய்விட்டது.

1938-ஆ, 1939-ஆ, 1940-ஆ? அல்லது குண்டு விழுவதற்கு ஐந்து நாள் முன்னாலா? உறை இருந்திருந்தால் ஒரு விநாடியில் சொல்லியிருக்கலாம். வருஷம் மங்கியிருந்தாலும், யுத்த காலத்துக் கடிதமானால் தணிக்கை அதிகாரி பிரித்துப் பார்த்து ஒட்டிய சீட்டாவது காட்டிக்கொடுத்திருக்கும். பத்து வயசுப் பையன் ஆசையாக வெட்டிய வெட்டு. யாரைக் குற்றம் சொல்வது?

என்ன செய்யலாம்?

வெட்டாதீர்கள். தண்ணீரில் ஊறப்போடுவதெல்லாம் ஏற்கெனவே தனியாக வெட்டுண்ட துண்டுகளுக்குத்தான். அதிலும் ஊதா, பச்சை நிறத்துப் பழைய தலைகள் சாயம் போய்விடும். அந்தக் காலத்தில் முத்திரையை அழித்து மறுபடி ஒட்டுகிற மோசடியைத் தடுக்க வேண்டுமென்றே கரைகிற மையில் அச்சிட்டார்கள். பசை நாடா கூடவே கூடாது.

விலை தெரிய வேண்டுமானால் லண்டன் ஸ்டான்லி கிப்பன்ஸ் கம்பெனியின் விலைப் புத்தகத்தைப் பாருங்கள். திருவிதாங்கூர் ஸ்டாம்புகளை ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு பல் கணக்குக்கும் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே போட்டிருப்பது பழுதில்லாத தலையை அவர்கள் விற்கும் விலை. உங்களிடம் வாங்குகிறவர் அதில் ஒரு பகுதிதான் கொடுப்பார். பத்து ரூபாய்க் காந்தியைக் காட்டினால் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருங்கள். கள்ள அச்சு நிறைய உலாவுகிறது. சென்னை அண்ணா சாலைத் தலைமைத் தபாலாபீஸில் ஸ்டாம்பு சேகரிப்போருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே வந்துபோகும் பழைய சேகரிப்பாளர்கள் பலர் தங்கமானவர்கள். நல்ல சங்கு உறை ஒன்றைக் காட்டினால் காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசுவார்கள்.

சங்கரன்கோவில் சகோதரர்கள் கட்டைப் பிரிக்கவில்லை. மூத்தவர் வீட்டில் இருக்கட்டும், மற்ற இருவரும் ஒவ்வோர் உறையையும் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று பேச்சாயிற்று. கணக்கு நோட்டை மாத்திரம் கடைசித் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டார்.

உறையின் பின்பக்கத்தைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். அனுப்பிய ஊர் முத்திரை முன்னால் விழும். வந்து சேர்ந்த ஊர் முத்திரை பின்னால் விழும். இரண்டு தேதியையும் கழித்தால் கடிதம் எத்தனை நாள் பிரயாணம் செய்தது என்று தெரிந்துவிடும். பேத்திக்கு இந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தேன். பினாங்கு உறை ஒன்றைத் திருப்பி, வெள்ளைக்காரர் காலத்துப் பெயரான ‘சங்கரநயினார்கோவில்’ என்பதை எழுத்துக் கூட்டிப் படித்து, விரல் விட்டு எண்ணி, “ஒம்பது நாள், தாத்தா!” என்று சொல்லிவிட்டு அடுத்த உறையை எடுத்தாள்.